நாலாம் நம்பர் வானம்

அறையில் இருந்தவர்கள்: ஸ்டுடியோ முதலாளி ஜெபசிங். படம் எடுத்த வெயிலுமுத்து. கல் உடைக்கும் கம்பெனியின் மேனேஜர் திரவியம். கணினிக்கு முன்னால் நான், முத்துக்கனி.

திரையில் ஒரு வானம். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வெள்ளை. துவைத்து, அலசி, நீலம் போட மறந்த வேட்டியின் வெள்ளை.

அந்த வெள்ளைக்குக் கீழே ஒரு கிணறு. ஒரு பனை. ஒரு பிச்சிப்பூத் தோட்டம். எல்லாம் தெளிவாக இருந்தன. பனை மட்டையின் கருக்குக்கூடத் தெரிந்தது. வானம் மட்டும் இல்லை.

“வானம் போச்சே” என்றார் திரவியம்.

“ஓவராயிட்டு” என்றார் ஜெபசிங்.

ஓவர் என்றால் வெளிச்சம் மிஞ்சிவிட்டது என்று பொருள். எங்கள் தொழிலில் அது ஒரு வசவு. யாருக்கு என்று பெயர் சொல்லத் தேவையில்லை. வெயிலுமுத்து சுவரைப் பார்த்தார்.

“லைட் மீட்டர் பாத்துத்தான் எடுத்தேன் அண்ணாச்சி.”

“பாத்த லட்சணந்தான் தெரியுதே.”

ஐம்பது வயதுக்காரரை மேனேஜர் முன்னால் அப்படிச் சொன்னார். வெயிலுமுத்து கேமராப் பையின் ஜிப்பைத் திறந்தார். மூடினார். திறந்தார்.

வெங்கச்சம்பாறையில் கம்பெனி, கல் அரைக்கும் இரண்டாவது மெஷின் போடப் போகிறது. அதற்கு முன் ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது சட்டம். கூட்டத்தில் அதிகாரியின் கையில் கொடுக்க ஓர் ஆல்பம் வேண்டும். எவ்வளவு பச்சை, எவ்வளவு சுத்தம் என்று காட்டும் ஆல்பம்.

“வானத்த மட்டும் சரி பண்ணிருங்க” என்றார் திரவியம். “மத்ததெல்லாம் உள்ளது உள்ளபடிதான் இருக்கு.”

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

*

சரி பண்ணுவது. இந்த இரண்டு சொற்களும் எனக்குப் பிடிக்காது.

சென்னையில் ஒரு கம்பெனியில் ராத்திரி ஷிப்டில் இதைத்தான் செய்தேன். எங்கோ ஒரு நாட்டில் விற்பனைக்கு நிற்கும் வீடுகள். அவர்கள் பகலில் எடுத்த படங்கள், எங்கள் இரவில் வந்து விழும். எல்லா வீட்டுக்கும் மேலே மங்கல். எல்லா மங்கலையும் நீலமாக்கு. விடிந்தால் ஹாஸ்டல். ஜன்னலில் கறுப்புத் துணி. தூக்கம்.

அந்தக் காலம் முழுக்க நான் வானம் பார்த்தது திரையில்தான். நானே போட்ட வானம்.

ஒரு நாள் எழுந்து வந்துவிட்டேன். சண்டை இல்லை, அழுகை இல்லை. நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு வந்தேன். பாதியில் விட்டவள் என்று வீட்டில் பெயர். இருக்கட்டும். முழுசாகச் செய்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பகலில் வேலை என்பதற்காகத்தான் ஜெபசிங் ஸ்டுடியோவுக்கு வந்தேன். இங்கேயும் அதே வேலை முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

ஜெபசிங் வானங்களை மொத்தமாக விலைக்கு வாங்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் எண். அவருக்குப் பிடித்தது நாலாம் நம்பர். கெட்டி நீலம். இடது பக்கம் ஒரே ஒரு மேகம். எண்ணெயில் உப்பி வந்த பூரி போல.

கல்யாண ஜோடிக்கு மேலே நாலாம் நம்பர். பள்ளிக்கூட விளம்பரத்துக்கு மேலே நாலாம் நம்பர். வீட்டுமனைப் பலகைக்கும் அதுவே. கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலும் அதுவே. எங்கள் ஊரில் செத்தவர்கள் எல்லாரும் அந்தப் பூரிக்குப் பக்கத்தில்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

கேட்காமலே போடுவார். காசு வாங்காமல் போடுவார். அது இந்த ஸ்டுடியோவின் மரியாதை. வாசலுக்கு வந்தவரை வெறும் வானத்தோடு அனுப்பக் கூடாது.

*

வேறு வானம் வைப்பதற்கு முன் நான் ஒன்று செய்வேன். பழக்கம்.

திரையின் ஓரத்தில் ஒரு பட்டை இருக்கிறது. அதைப் பிடித்து இழுத்தால் படத்தின் வெளிச்சம் இறங்கும். வெளிச்சம் நிஜமாகவே மிஞ்சியிருந்தால் அந்த இடத்தில் எதுவும் பதிந்திருக்காது. எவ்வளவு இழுத்தாலும் செத்த சாம்பல் நிறம்தான் வரும். செத்ததை இழுத்து எழுப்ப முடியாது. அப்போதுதான் வேறு வானம்.

இழுத்தேன்.

வெள்ளை இறங்கியது. இறங்கி, உள்ளேயிருந்து ஏதோ வந்தது. முதலில் ஒரு திட்டு. பிறகு ஒரு வால். வலது மூலையில் கெட்டியாகக் கிளம்பி, பனைக்கு மேலே பரந்து, தோட்டத்தின் மேல் தாழ்ந்து, படம் முடிகிற இடம் வரைக்கும்.

புழுதி.

அரைத்த கல். மெஷின் படத்தில் இல்லை. அதன் மூச்சு படத்தில் இருந்தது. வானம் முழுக்க அதன் மூச்சுதான் இருந்தது.

வெளிச்சம் மிஞ்சவில்லை. வெயிலுமுத்து சரியாகத்தான் எடுத்திருந்தார். வெங்கச்சம்பாறையின் வானம் வெள்ளை. அவ்வளவுதான். அதைப் பிழை என்று நினைத்தது நாங்கள்.

“பாத்தியா தாயி” என்றார் வெயிலுமுத்து என் தோளுக்குப் பின்னாலிருந்து. “நான் ஓவராக்கலல்லா.”

அவருக்கு அது போதும். குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கியவரின் முகம். எனக்குப் போதவில்லை.

ஜெபசிங்கும் வந்து பார்த்தார். பிறகு என் கையிலிருந்து மவுஸை வாங்கினார். பட்டையை மேலே தள்ளினார். புழுதி போனது. வெள்ளை வந்தது.

“நமக்கு எதுக்கும்மா” என்றார். “வருசா வருசம் நம்மகிட்ட காலண்டர் அவருதான் அடிக்காரு.”

நான் எழுந்து நின்றேன். அவரே உட்கார்ந்தார். கிணற்றுக்கு மேலே நாலாம் நம்பர். பனைக்கு மேலே நாலாம் நம்பர். அம்மன் கோயிலுக்கு மேலே, பள்ளிக்கூடத்துக்கு மேலே, எல்லாவற்றுக்கும் மேலே. ஒரு கிளாஸ் டீ ஆறுவதற்குள் ஓர் ஊருக்கு வானம் போட்டு முடித்துவிட்டார்.

திரவியம் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார்.

“ஆங். இதுதான் எங்க ஊரு.”

*

திரவியம் பணத்தை எடுப்பதற்குள் ஒருத்தி வந்து கவுன்டரில் நின்றாள். செருப்பை வாசலில் விட்டிருந்தாள். தலையில் பூ இல்லை. கையில் பூ நாரின் பச்சைக் கறை.

“போட்டோ ஆயிட்டா அய்யா? காலையில குடுத்துட்டுப் போனேன். வெங்கச்சம்பாறை பிரமு.”

திரும்பியவள் திரவியத்தைப் பார்த்தாள்.

“அண்ணாச்சியும் போட்டோ புடிக்க வந்தியளோ. எதும் விசேசமா?”

“கம்பெனி வேல.”

“அதான கேட்டேன். ஒங்க மொகத்துக்கு விசேசம் கூடி வராதே.”

ஜெபசிங் அவசரமாக ஒரு கவரை எடுத்து நீட்டினார். பிரமு பிரித்தாள். ஒன்றைப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். ஸ்டுடியோவின் சீல் இருந்தது.

“இது யாரு வீடு?”

“ஒங்க வீடுதாம்மா” என்றார் ஜெபசிங். குரலில் பெருமை இருந்தது, ஐயோ, நிஜமான பெருமை. “வானம் வெளுத்துப்போயிக் கெடந்து. சரி, பாவம்னு நானே ஒக்காந்து சரி பண்ணுனேன். அதுக்கு ஒண்ணும் வாங்கல.”

பிரமு படத்தைக் கவுன்டரில் வைத்தாள்.

“வெளுத்துக் கெடக்குன்னு காட்டத்தான அய்யா எடுத்தேன்.”



அவள் பிச்சித் தோட்டம் கிணற்றுக்கு மேற்கே இருக்கிறது. இரண்டாவது மெஷின் வரப்போவது வரப்பை ஒட்டி. இப்போதே மொட்டுகளில் மாவு. பூக்கடைக்காரன் கூடையைத் திறந்து ஒரு ஊது ஊதுவான், புகை போல எழும், மூடி அனுப்பிவிடுவான். மெஷின் வந்தால் தோட்டம் போகும். தோட்டம் போனால் அவளுக்குப் பிழைப்பில்லை, அந்த வீட்டில் இருக்கவும் வழியில்லை. அதைச் சொல்லத்தான், தன் போனில், தன் கையால், நாலு படம் எடுத்திருந்தாள்.

நாலுக்கும் மேலே நீலம். நாலுக்கும் மேலே பூரி.

“நல்லாத்தான இருக்கு” என்றார் திரவியம். சிரிக்கவில்லை, கண் மட்டும் சிரித்தது. “அதையே கொண்டா.”

அவர் பணத்தை வைத்துவிட்டுப் போனார். ஜெபசிங் பணத்தைத் தொடவில்லை, அவளையும் பார்க்கவில்லை.

“நான் போட்டுத் தாரேன்” என்றேன். “நீங்க எடுத்தபடியே.”

“போடு” என்றார் ஜெபசிங் மெதுவாக. “பின்னால நம்ம சீல் வேண்டாம்.”

*

பிரமு என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள் படத்தைத் திறந்தேன். வெள்ளை. பழக்கத்தில் கை பட்டையை இழுத்தது.

புழுதி எழுந்தது. அவள் வீட்டுக் கூரைமேல் கறுத்துக் கவிழ்ந்தது.

“இது” என்றாள். ஸ்டூல் நகர்ந்தது. “ஏளா, இதப் போடு. இன்னுங் கறுப்பாக்கு.”

“இது நீங்க பாத்தது இல்லக்கா. இது இழுத்தது.”

“உள்ளதத்தான இழுத்த?”

“இருக்கு. ஆனா இப்படிக் கறுப்பா இல்ல.”

“அவனுக்கு நீலம் போடுதிய. எனக்குக் கறுப்பு போட மாட்டியளோ?”

நியாயம் அவள் பக்கம் இருந்தது. ஆனாலும் அந்தப் பட்டையை நான் மேலே கொண்டுபோனேன். பொய்யான வானங்கள் போட்டுப் போட்டு என் கை நாறிக் கிடந்தது. ஒரு வானத்தையாவது தொடாமல் அனுப்ப வேண்டும் என்று இருந்தது.

அது அவளுக்காகச் செய்ததா, எனக்காகச் செய்ததா? எனக்காகத்தான். ஒளிக்க ஒன்றுமில்லை.

வெள்ளையாகவே போட்டுக் கொடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கினாள்.

*

கூட்டம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. சட்டப்படி அதை வீடியோ எடுக்க வேண்டும். எடுத்தது வெயிலுமுத்து. ஆல்பத்தை ஒப்படைக்கப் போனது நான்.

வந்திருந்த அதிகாரி நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். எல்லாருக்கும் மோர் கொடுத்தார்களா என்று கேட்டார். ஆல்பத்தைப் புரட்டினார். தடித்த தாள், வழவழப்பு, நீலம். பக்கத்துக்குப் பக்கம் தலையை ஆட்டினார்.

பிறகு பிரமு போய்த் தன் நாலு படங்களை மேசையில் வைத்தாள். அவர் ஒன்றைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் சாய்த்தார். பின்பக்கம் பார்த்தார். சீல் இல்லை.

“ஓவர் எக்ஸ்போஸ் ஆயிருக்கும்மா” என்றார். அன்பாகத்தான் சொன்னார். “மொபைல்ல எடுத்தா இப்படித்தான். வானமே பதியல பாருங்க.”

என் காது சூடானது.

பதிந்திருக்கிறது. பதிந்ததுதான் அது. உங்கள் கண்ணுக்கு நீலம்தான் வானம் என்று சொல்லிக் கொடுத்தது யார்? நான்தான். என்னைப் போல ராத்திரியும் பகலும் உட்கார்ந்து மங்கலைத் துடைத்த ஆயிரம் பேர்தான். துடைத்துத் துடைத்து, துடைக்காத வானத்தைக் கண்டால் பிழை என்று சொல்ல உலகத்தைப் பழக்கி வைத்திருக்கிறோம். பொய்க்குப் பளபளப்பு இருக்கிறது, சீல் இருக்கிறது, தடித்த அட்டை இருக்கிறது. உண்மைக்கு வாய்த்தது ஒரு தொழில்நுட்பக் கோளாறு என்ற பெயர்.

வாயைத் திறக்கவில்லை நான். பிரமு திறந்தாள்.

ஆல்பம் அவள் பக்கம் திறந்து கிடந்தது. தலையைச் சாய்த்து ஒரு பக்கம் பார்த்தாள். கையை நீட்டி அடுத்த பக்கம் திருப்பினாள். அடுத்தது.

“சார், இந்த மேகம் கெணத்துக்கு மேல நிக்கி.”

“ஆமா.”

“கோயிலுக்கு மேலயும் நிக்கி. பள்ளிக்கூடத்துக்கு மேலயும் நிக்கி. கெணறு கெழக்க, கோயிலு மேக்க. எங்க ஊரு ஆட்டுக்குட்டிகூட இப்படிப் பின்னாலயே வராதே சார்.”

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு பெஞ்சு பெஞ்சாக ஏறி, கூடம் முழுக்கச் சிரித்தது. மோர் கொடுத்துக்கொண்டிருந்தவரும் சிரித்தார். அதிகாரி பக்கங்களைத் திருப்பினார். பூரி. பூரி. பூரி.

அப்போது கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். வெயிலுமுத்து. கண்ணை எடுக்காமலே பேசினார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. தன் குரலும் அதில் பதிகிறது என்று அவருக்குத் தெரியும்.

“அந்த ஆல்பத்துப் படமும் நாந்தான் எடுத்தேன் சார். அதுவும் வெள்ளதான். ரெண்டும் ஒரே வெள்ள. நான் ஓவராக்கல.”

திரவியம் அவரைத் திரும்பிப் பார்த்தார். ஜெபசிங் ஸ்டுடியோவுக்கு அடுத்த வருசக் காலண்டர் இல்லை என்பது அந்தப் பார்வையிலேயே முடிவாகிவிட்டது.

அதிகாரி ஆல்பத்தை மூடினார். கூட்டம் சிரித்தது அவருக்குச் சுட்டிருந்தது.

“போட்டோல்லாம் எதுக்கு? போய்ப் பாத்துருவோம். இப்பவே.”

திரவியம் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

*

அதிகாரியின் ஜீப்பில் நாங்கள், கேமராவோடு வெயிலுமுத்துவும், போய்ச் சேர்ந்தபோது மெஷின் நின்றிருந்தது.

ஊர் அமைதியாக இருந்தது. எங்கோ ஒரு செம்போத்து கூவியது. காற்று மேற்கிலிருந்து வந்து, வானத்தை ஓரத்திலிருந்து துடைக்கத் தொடங்கியிருந்தது. வெள்ளைக்கு நடுவே ஒரு கிழிசல். கிழிசலில் நீலம். பிரமு வீட்டு வாசலில் நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே கிழிசல் பெரிதானது.

வானம் எங்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

“பாருங்க சார்” என்றார் திரவியம். “போட்டோவுல உள்ள மாதிரியே.”

அதிகாரி அண்ணாந்து பார்த்தார். தலையாட்டினார். எனக்கு அழுகை வரவில்லை. ஒரு கல்லை எடுத்து அந்த நீலத்தின் மேல் எறிய வேண்டும் போல இருந்தது.

பிரமு ஒன்றும் வாதாடவில்லை. தோட்டத்தைக் காட்டவில்லை. இலையைத் தடவிக் காட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்.

“இவ்வளவு தூரம் வந்திய. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க சார்.”

வெயில் கொளுத்தியது. அவர் சம்மதித்தார். அவள் டிரைவரிடம் திரும்பினாள்.

“இங்கன வண்டி திரும்பாது தம்பி. மெயின் ரோட்டுக்குப் போயித் திருப்பிட்டு வாங்க.”

திரவியமும் அதே ஜீப்பில் ஏறிக்கொண்டார். ஆபீசில் சாருக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்ய வேண்டுமாம். ஜீப் வேலிகளுக்கு நடுவே போனது. பாறைச் சரிவில் ஏறி, வளைவில் மறைந்தது.

பிரமு என் பக்கம் சாய்ந்து, உதடு அசையாமல் சொன்னாள்.

“ஜீப்பு போனா, சார் போயிட்டாருன்னு மெஷினப் போட்டுருவானுவ. எப்பமும் அப்படித்தான்.”

வீட்டுக்குள் நாற்காலி போட்டாள். அதிகாரி உட்கார்ந்தார். கால்களை நீட்டிக்கொண்டார். செம்பில் தண்ணீர் வந்தது. நல்ல தண்ணீர் என்றார். இன்னும் பாதி இருந்தது.

செம்புக்குள் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது.

பிறகுதான் சத்தம். தரையிலிருந்து ஏறியது. சுவர் வழியாக வந்தது. அலமாரியில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. பல்லுக்குள் கேட்டது.

அதிகாரி செம்போடு எழுந்து வாசலுக்குப் போனார். முற்றத்தில் இறங்கினார். அண்ணாந்தார்.

கிழிசல் மூடிக்கொண்டிருந்தது. வலது பக்கத்திலிருந்து கெட்டியாகக் கிளம்பி, பனைக்கு மேலே பரந்து, தோட்டத்தின் மேல் தாழ்ந்து. நீலம் ஒரு சீலை அகலம் இருந்தது. ஒரு ரிப்பன் அகலம். ஒரு நூல். அதுவும் போனது. சூரியன் ஒரு வெள்ளைத் தட்டு. செம்பில் மிச்சமிருந்த தண்ணீரின் மேல் புழுதியில் ஓர் ஆடை.

முற்றத்தின் நடுவில் வெயிலுமுத்து நின்றார். கேமராவின் மேல் துண்டு. மீட்டரைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். நிதானமாகச் சுற்றித் திரும்பி, வானம் முழுவதையும் எடுத்தார்.

“உள்ள வாங்க அண்ணே” என்று கத்தினேன்.

“நீ போ தாயி. நான் இத எடுத்துட்டு வாரேன்.”

அதிகாரி இருமத் தொடங்கினார். ஒரு கையால் மூக்கைப் பொத்தினார். இன்னொரு கையில் செம்பு. நல்ல சட்டையின் தோள்கள் மாவில் புரட்டியதுபோல் ஆகிவிட்டிருந்தன. குனிந்து ஓடி உள்ளே வந்தார். நாற்காலியைத் தேடினார். கண் திறக்கவில்லை.

பிரமு நிலைப்படியில் நின்றாள். ஒரு கதவைச் சாத்தியிருந்தாள். மற்றதைக் கையில் பிடித்திருந்தாள். இந்த அதிர்வில் தாழ்ப்பாள் நிற்காது, பூட்டித்தான் ஆக வேண்டும். சாவி ஏற்கெனவே கையில் இருந்தது.

“எப்ப நிக்கும் இது?” என்றார் அதிகாரி இருமலுக்கு நடுவே.

“அத நீங்கதான் சார் சொல்லணும்.”

அவருக்குப் பின்னால் இரண்டாவது கதவையும் சாத்தினாள். உள்ளிருந்தபடியே சாவியைத் திருப்பி, இடுப்பில் செருகிக்கொண்டாள்.